ஃபங்ஷன் ஓவர்லோடிங் பிழையா? அழைக்கும் வரியைப் பாருங்கள்

சி பிளஸ் பிளஸ் கற்கத் தொடங்கியவர்கள் உதவி கேட்டு அனுப்பும் நிரல்களில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். பரப்பளவு கணக்கிட ‘ஏரியா’ என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கும். ஒன்று இன்ட் வாங்கும், மற்றது ஃப்ளோட் வாங்கும். மெயினுக்குள் ஏரியா(5) என்று அழைத்தால் ஓடுகிறது. ஏரியா(3.5) என்று அழைத்தால் கம்பைலர் மறுத்துவிடுகிறது. ஜிசிசி சொல்லும் காரணம்: ‘கால் ஆஃப் ஓவர்லோடட் ஏரியா(டபுள்) இஸ் ஆம்பிகுவஸ்’.

“3.5 புள்ளி வைத்த எண்தானே, ஃப்ளோட்டுக்குத்தானே போகவேண்டும், இதில் கம்பைலருக்கு என்ன குழப்பம்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் அந்தப் பிழைச் செய்திக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு முறை படியுங்கள். அதில் டபுள் என்று ஒரு சொல் வருகிறது. உங்கள் நிரலில் டபுள் என்று எங்குமே நீங்கள் எழுதவில்லை. பிறகு கம்பைலருக்கு அது எங்கிருந்து கிடைத்தது?

3.5 என்று வெறுமனே எழுதினால் சி பிளஸ் பிளஸ்ஸில் அது டபுள். ஃப்ளோட் வேண்டுமானால் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்தை ஒட்டவேண்டும். நீங்கள் அனுப்பியது டபுள். காத்திருப்பவை ஓர் இன்ட்டும் ஒரு ஃப்ளோட்டும். டபுளை இன்ட் ஆக்குவதும் ஃப்ளோட் ஆக்குவதும் மொழி விதிப்படி ஒரே தரத்து மாற்றம். மனிதக் கண்ணுக்கு ஃப்ளோட் நெருக்கமாகத் தெரியலாம். விதிக்கு அப்படியொரு நெருக்கம் கிடையாது. இரண்டும் சமம் என்பதால் கம்பைலர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுக்கிறது. எஃப் எழுத்தை ஒட்டுங்கள், அல்லது ஃப்ளோட் ஃபங்ஷனை டபுளாக மாற்றுங்கள், பிழை போய்விடும். நான் இரண்டாவதையே சொல்வேன். தொடக்கநிலை நிரல்களில் ஃப்ளோட் பயன்படுத்த அநேகமாகக் காரணமே இருப்பதில்லை.

ஓவர்லோடிங் பிழை வந்ததும் பெரும்பாலோர் ஃபங்ஷனை எழுதிய இடத்துக்கு ஓடுகிறார்கள். பாராமீட்டரை மாற்றிப் பார்க்கிறார்கள், இன்னொரு ஃபங்ஷனைச் சேர்க்கிறார்கள், ஒன்றை அழிக்கிறார்கள். பிழை சில நேரம் மறையும், ஆனால் ஏன் மறைந்தது என்று தெரியாது. என் ஆலோசனை இதற்கு நேர் எதிரானது. முதலில் அழைக்கும் வரியில் நில்லுங்கள். அடைப்புக்குறிக்குள் எத்தனை ஆர்குமென்ட் இருக்கிறது, ஒவ்வொன்றின் டைப் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் மனத்தில் உள்ள டைப்பை எழுதாதீர்கள். கம்பைலர் என்ன டைப்பாகப் பார்க்கிறதோ அதை எழுதுங்கள். இந்த இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் பெரும்பாலான ஓவர்லோடிங் பிழைகள் பிறக்கின்றன.

எங்கெல்லாம் வேறுபடும்? ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் எழுத்து இருந்தால் அது சார். அதே எழுத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் அது ஸ்டிரிங் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது மாற்றமுடியாத சார்களின் வரிசை. ஃபங்ஷனுக்குள் போகும்போது பாயின்டராகப் போகும். ஐந்தை இரண்டால் வகுத்து அனுப்பினால் இரண்டும் இன்ட் என்பதால் போவது இன்ட், மதிப்பு 2. ஒரு சாரோடு 1 கூட்டி அனுப்பினால் போவது சார் இல்லை, இன்ட். வெக்டரின் சைஸ்() கொடுப்பது குறியில்லாத பெரிய முழுஎண், இன்ட் அல்ல. இந்த ஐந்தையும் நினைவில் வைத்திருப்பவருக்குப் பாதிப் பிழைகள் வராது.

டைப்பை எழுதியாயிற்று. அடுத்து, கம்பைலர் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று தெரியவேண்டும். அந்தப் பெயரில் அந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஃபங்ஷன்களை எல்லாம் முதலில் திரட்டுகிறது. அவற்றில் ஆர்குமென்ட் எண்ணிக்கைக்கும் டைப்புக்கும் பொருந்தவே முடியாதவற்றைக் கழிக்கிறது. மிஞ்சியவற்றில் எது அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கிறது. அப்படியே பொருந்தினால் முதல் தரம். புரமோஷன் இரண்டாம் தரம்: சார், ஷார்ட், பூல் ஆகியவை இன்ட்டாக உயர்வதும், ஃப்ளோட் டபுளாக உயர்வதும் இதில் அடங்கும். கன்வர்ஷன் மூன்றாம் தரம்: இன்ட்டிலிருந்து டபுள், டபுளிலிருந்து இன்ட், லாங்கிலிருந்து இன்ட், பாயின்டரிலிருந்து பூல் என்று மற்ற உள்ளமைந்த மாற்றங்கள் எல்லாம் இங்கே வரும். கிளாஸ் எழுதியவர் செய்துவைத்த மாற்றம் அதற்கும் கீழே. சார் வரிசை ஸ்டிரிங் ஆவது இந்த வகை.

இந்தத் தரவரிசையை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘ஷோ’ என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் எழுதுங்கள். ஒன்று இன்ட் வாங்கட்டும், ஒன்று டபுள் வாங்கட்டும். இரண்டும் வந்ததை அப்படியே அச்சிடட்டும். பெரிய ஏ எழுத்தை ஒற்றை மேற்கோளில் அனுப்பினால் திரையில் 65 வரும். சார் இன்ட்டாக உயர்வது புரமோஷன், டபுள் ஆவது கன்வர்ஷன். ஆகவே இன்ட் வென்றது. ஒரு ஃப்ளோட் மாறியை அனுப்புங்கள்; டபுளுக்குப் போகும். இனி ஒரு லாங் மாறியை அனுப்புங்கள். பிழை! லாங்கும் முழுஎண், இன்ட்டும் முழுஎண், இருந்தும் ஆம்பிகுவஸ். லாங்கிலிருந்து இன்ட்டுக்குப் போவதும் டபுளுக்குப் போவதும் வெறும் கன்வர்ஷன்தான். வெக்டரின் சைஸ்() அனுப்பினாலும் இதே கதி. கால் மணி நேர வேலை இது. பாடப்புத்தகத்தில் விதியைப் பத்து முறை படிப்பதைவிட இது நன்றாக மனத்தில் ஏறும்.

ஆர்குமென்ட் இரண்டு இருந்தால் விதி இன்னும் கறார். வெற்றி பெறும் ஃபங்ஷன் எந்த ஆர்குமென்ட்டிலும் மற்றதைவிடப் பின்தங்கக் கூடாது, ஒன்றிலாவது முந்தியிருக்கவேண்டும். ‘ஆட்’ என்ற பெயரில் ஒன்று (இன்ட், டபுள்) வாங்குகிறது, இன்னொன்று (டபுள், இன்ட்) வாங்குகிறது என்று வையுங்கள். ஆட்(2, 3) என்று அழைத்தால் முதலாவது முதல் ஆர்குமென்ட்டில் முந்துகிறது, இரண்டாவது மற்றதில் முந்துகிறது. இரண்டுக்கும் வெற்றி கிடையாது. இந்த மாதிரி ஜோடியை எழுதவே எழுதாதீர்கள். இரண்டும் டபுள் வாங்கும் ஒரே ஃபங்ஷன் போதும்.

பிழைச் செய்தியைப் படிக்கும் முறைக்கு வருவோம். ஒரு வரி தவறுக்கு ஜிசிசி முப்பது, நாற்பது வரி கொட்டும். பயந்துபோய்த் திரையை அழித்துவிடாதீர்கள். மேலே போய் ‘எரர்’ என்ற சொல் உள்ள முதல் வரியைக் கண்டுபிடியுங்கள். மற்ற எரர்கள் பல நேரம் அதன் விளைவுகள். முதல் வரி உங்களுக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லும். ‘ஆம்பிகுவஸ்’ என்றால் பொருந்துபவை ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ‘நோ மேட்ச்சிங் ஃபங்ஷன்’ என்றால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் மணிக்கணக்கில் அலையவேண்டும். விஷுவல் சி பிளஸ் பிளஸ் பயன்படுத்துபவர்களுக்கு முதல் வகை சி2668 என்ற எண்ணோடு வரும். இரண்டாம் வகை, எண்ணிக்கை தவறென்றால் சி2661, டைப் தவறென்றால் சி2665. கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் பழைய டர்போ சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதுபவர்களுக்கு ‘ஆம்பிகுவிட்டி பிட்வீன்’ என்றும் ‘குட் நாட் ஃபைண்ட் எ மேட்ச்’ என்றும் வரும்.

முதல் வரிக்குக் கீழே ‘கேண்டிடேட்’ என்று தொடங்கும் குறிப்புகள் வரிசையாக இருக்கும். தொடங்குபவர்கள் இவற்றைத்தான் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பிழைச் செய்தி முழுவதிலும் மிகப் பயனுள்ள தகவல் அங்கேதான் இருக்கிறது. எந்தெந்த ஃபங்ஷனைக் கம்பைலர் பரிசீலித்தது, எதை ஏன் கழித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். ‘கேண்டிடேட் எக்ஸ்பெக்ட்ஸ் 2 ஆர்குமென்ட்ஸ், 1 புரவைடட்’ என்றால் எண்ணிக்கையில் தவறு. ‘நோ நோன் கன்வர்ஷன் ஃபார் ஆர்குமென்ட் 1’ என்றால் முதல் ஆர்குமென்ட்டின் டைப்பில் தவறு; எதிலிருந்து எதற்கு மாற்ற முடியவில்லை என்பதும் அதே வரியில் இருக்கும். ‘நோ மேட்ச்சிங் ஃபங்ஷன்’ பிழையில் இன்னொன்றும் பாருங்கள்: நீங்கள் எழுதிய ஃபங்ஷன்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா? ஒன்று விடுபட்டிருந்தால், பிழை டைப்பில் இல்லை. அந்த ஃபங்ஷன் கம்பைலரின் கண்ணிலேயே படவில்லை. பெயரில் ஓர் எழுத்து பெரியதும் சிறியதுமாக மாறியிருக்கும், அல்லது மெயினுக்குக் கீழே எழுதியிருப்பீர்கள்.

மெயினுக்குக் கீழே எழுதும் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. ஏனென்றால் அங்கே பிழைச் செய்தியே வராமல் தவறான விடை வரும். இன்ட் வாங்கும் ஏரியா மெயினுக்கு மேலே இருக்கிறது. டபுள் வாங்கும் ஏரியாவை மெயினுக்குக் கீழே எழுதி, மேலே அதற்கு அறிவிப்பு வைக்க மறந்துவிட்டீர்கள். ஏரியா(3.5) என்று அழைக்கும் இடத்தில் கம்பைலருக்குத் தெரிந்தது இன்ட் ஃபங்ஷன் மட்டும். போட்டிக்கு வேறு ஆளே இல்லை. 3.5ஐ 3 ஆக்கி அதற்கே அனுப்பிவிடும். சதுரத்தின் பரப்பளவு 12.25 வரவேண்டிய இடத்தில் 9 வரும். கம்பைல் ஆகிவிட்டது, ஓடிவிட்டது, விடை மட்டும் தவறு. இதைப் பிடிக்க ஜிசிசியில் ‘டபிள்யூ கன்வர்ஷன்’ என்ற எச்சரிக்கையைத் தனியாக இயக்கவேண்டும். ‘டபிள்யூ ஆல்’ என்ற பெயரைப் பார்த்து அதில் எல்லாம் அடங்கியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், இது அடங்காது.

இதே போல சத்தமில்லாமல் கவிழ்க்கும் இன்னொன்று: ‘பிரின்ட்’ என்ற பெயரில் ஒன்று பூல் வாங்குகிறது, மற்றது ஸ்டிரிங் வாங்குகிறது. இரட்டை மேற்கோளில் வணக்கம் என்று எழுதி அனுப்புகிறீர்கள். திரையில் 1 என்று வருகிறது. மேலே சொன்ன தரவரிசைக்குத் திரும்பிப் போங்கள். இரட்டை மேற்கோளில் உள்ளது பாயின்டராகிறது. பாயின்டர் பூல் ஆவது உள்ளமைந்த கன்வர்ஷன். ஸ்டிரிங் ஆவது ஒரு கிளாஸ் வழியாக நடக்கும் மாற்றம், அதற்கும் கீழ்த் தரம். ஆகவே பூல் வெல்கிறது. சார் பாயின்டர் வாங்கும் மூன்றாவது ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்து, அதிலிருந்து ஸ்டிரிங் ஃபங்ஷனை அழைத்தால் சரியாகிவிடும். பூல் வாங்கும் ஓவர்லோடை எங்கே பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கச் சொல்வேன்.

மரபுரிமம் கற்கும்போது, சத்தமில்லாமல் கவிழ்க்கும் மூன்றாவது வகை வரும். அடிப்படை கிளாஸில் ஷோ(இன்ட்) இருக்கிறது. அதிலிருந்து பிறந்த கிளாஸில் ஷோ(டபுள்) எழுதுகிறீர்கள். இரண்டும் ஓவர்லோடுகள் என்று நினைத்து ஷோ(5) என்று அழைத்தால் டபுள்தான் ஓடும். பிறந்த கிளாஸில் ஒரு பெயரை எழுதிய உடனே அடிப்படை கிளாஸில் உள்ள அதே பெயர் முழுவதும் மறைந்துவிடும். பிறந்த கிளாஸுக்குள் ‘யூசிங்’ என்ற சொல்லோடு அடிப்படை கிளாஸின் ஷோவைக் குறிப்பிட்டால் அது திரும்பவும் போட்டிக்கு வரும்.

இனி ஃபங்ஷனை எழுதிய இடத்தில் பிறக்கும் பிழைகள். இவை எண்ணிக்கையில் குறைவு. ஒரே பாராமீட்டர்கள், ரிட்டர்ன் டைப் மட்டும் வேறு என்று இரண்டு எழுதினால் ஜிசிசி ‘ஆம்பிகுவேட்டிங் நியூ டிக்ளரேஷன்’ என்று மறுக்கும். ஏரியா(5) என்று அழைத்து, வரும் விடையை எதிலும் சேமிக்காமல் விட்டால் இரண்டில் எது வேண்டும் என்று யாராலும் சொல்லமுடியாது; அதனால்தான் ரிட்டர்ன் டைப் கணக்கில் வருவதில்லை. இன்ட் என்று ஒன்றும், கான்ஸ்ட் இன்ட் என்று ஒன்றும் எழுதினாலும் அவை ஒன்றே. பிரதியாகப் போகும் மதிப்பை உள்ளே மாற்றுவதும் மாற்றாததும் அழைப்பவருக்குப் பொருட்டல்ல. இன்ட் அரேயும் இன்ட் பாயின்டரும் பாராமீட்டராக வரும்போது ஒன்றே.

டிஃபால்ட் மதிப்பு வைத்த பாராமீட்டர் கொஞ்சம் தந்திரமானது. ஏரியா(இன்ட்) என்று ஒன்று, ஏரியா(இன்ட், இன்ட் = 10) என்று ஒன்று. எழுதும்போது எந்தப் புகாரும் வராது. இரண்டு எண் கொடுத்து அழைத்தாலும் வராது. ஓர் எண் கொடுத்து அழைக்கும் அன்றுதான் ஆம்பிகுவஸ் என்று நிற்கும். டிஃபால்ட் மதிப்பா, ஓவர்லோடா, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பைல் ஆகி, கடைசிக் கட்டத்தில் லிங்கரிடமிருந்து ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஏரியா(இன்ட், ஃப்ளோட்)’ என்று வருவதும் ஓவர்லோடிங் பிழைதான், ஆனால் அப்படித் தோன்றாது. மேலே அறிவிப்பில் (இன்ட், ஃப்ளோட்) என்று எழுதி, கீழே முழு ஃபங்ஷனை எழுதும்போது கை பழக்கத்தில் (இன்ட், டபுள்) என்று எழுதியிருப்பீர்கள். ஓவர்லோடிங் இல்லாத மொழியில் இது உடனே முரண் என்று பிடிபடும். இங்கே கம்பைலர் அதைப் புதிய ஓவர்லோடு என்று மரியாதையாக ஏற்றுக்கொள்கிறது. அறிவித்தது ஒன்று, எழுதியது வேறு. அறிவித்ததைத் தேடி லிங்கர் வெறுங்கையோடு வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்று உள்ளே பார்த்தால் விஷயம் தெளிவாகும். வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் ஆசிரியர் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவதுபோல, கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரோடும் பாராமீட்டர்களின் டைப்பைச் சேர்த்து ஒரு புதுப் பெயர் செய்துகொள்கிறது. ஜிசிசியில் அந்தப் பெயருக்குள் முதலில் ஃபங்ஷன் பெயரின் எழுத்து எண்ணிக்கை, பிறகு பெயர், பிறகு இன்ட்டுக்கு ஆங்கில ஐ, ஃப்ளோட்டுக்கு எஃப், டபுளுக்கு டி என்று ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஓர் எழுத்து வரும். சாதாரண ஃபங்ஷனின் ரிட்டர்ன் டைப்புக்கு அதில் இடமே இல்லை. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய இந்த மொழி, 1985இல் முதன்முதலாக வணிகரீதியில் வெளிவந்தபோது, ஒரு பெயரை ஓவர்லோட் செய்யப் போகிறோம் என்று ‘ஓவர்லோட்’ என்ற சொல்லால் முன்கூட்டியே அறிவிக்கவேண்டியிருந்தது. 1989இல் வந்த 2.0 பதிப்பில் டைப்பைப் பெயரோடு சேர்க்கும் முறை எல்லா ஃபங்ஷன்களுக்கும் விரிந்தது. அந்த அறிவிப்புச் சொல் தேவையற்றுப் போனது. வசதி கூடியது. கூடவே, தெரியாமல் ஓவர்லோட் செய்துவிடும் வாய்ப்பும் வந்து சேர்ந்தது.

நீங்கள் எழுதாத ஃபங்ஷனோடும் மோதல் வரும். நிரலின் தலையில் ‘யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ என்று எழுதினால் நூலகத்தில் உள்ள மேக்ஸ், ஸ்வாப், டிஸ்டன்ஸ் எல்லாம் உங்கள் ஃபங்ஷன்களோடு ஒரே போட்டியில் நிற்கும். பயிற்சிக்காக நீங்களே ஒரு மேக்ஸ் டெம்ப்ளேட் எழுதினால் இரண்டுக்கும் நடுவே கம்பைலர் திணறும். பெயரை மாற்றுங்கள், அல்லது அந்த வரியை எடுத்துவிடுங்கள். நூலகத்தின் மேக்ஸுக்கு ஓர் இன்ட்டும் ஒரு டபுளும் அனுப்பினாலும் ‘நோ மேட்ச்சிங் ஃபங்ஷன்’ வரும். அது இரண்டு ஆர்குமென்ட்டும் ஒரே டைப்பாக இருக்க எதிர்பார்க்கும் டெம்ப்ளேட். ஒன்றை டபுள் ஆக்கிவிட்டு அனுப்புங்கள். இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தினமும் பார்ப்பது: இன்ட் சம் = சம்(ஏ, பி) என்று மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் ஒரே பெயர். மாறி ஃபங்ஷனை மறைத்துவிடுவதால் ‘கேனாட் பி யூஸ்ட் ஆஸ் எ ஃபங்ஷன்’ என்று வரும். ஓவர்லோடை எத்தனை மாற்றினாலும் இது போகாது. மாறியின் பெயரை மாற்றவேண்டும்.

கோப்பின் பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சி மொழியில் இந்த வசதி கிடையாது. நிரலை டாட் சிபிபி என்று சேமிக்காமல் டாட் சி என்று சேமித்தால் ஜிசிசி அதைச் சி நிரலாகவே எடுத்துக்கொண்டு ‘கான்ஃப்ளிக்ட்டிங் டைப்ஸ்’ போன்ற பிழையோடு மறுக்கும். நிரலில் ஒரு தவறும் இருக்காது.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ். அங்கே பாடநூல் பணிமிகுப்பு என்று இதைக் கற்றுத் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். பழைய பழக்கத்தில் பைத்தானிலும் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் எழுதுபவர்கள் நிறைய. பைத்தான் பிழை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டாவது வந்ததும் முதலாவது போய்விடும். இரண்டாவது இரண்டு ஆர்குமென்ட் வாங்குவதாக இருந்து, ஓர் ஆர்குமென்ட்டோடு அழைத்தால் ‘மிஸ்ஸிங் 1 ரிக்வயர்ட் பொசிஷனல் ஆர்குமென்ட்’ என்று டைப்எரர் வரும். அங்கே டிஃபால்ட் மதிப்புதான் வழி. கல்லூரியில் ஜாவாவுக்குப் போகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்கவேண்டும்: ஜாவா டபுளைத் தானாக ஃப்ளோட்டாகவோ இன்ட்டாகவோ சுருக்காது. முதலில் சொன்ன அதே ஏரியா(3.5) நிரல் அங்கே ஆம்பிகுவஸ் ஆகாது; ‘நோ சூட்டபிள் மெத்தட் ஃபவுண்ட்’ என்று வரும். ஸ்டிரிங் வாங்குவதும் இன்டீஜர் வாங்குவதும் இருக்க, நல் என்று அனுப்பினால் ஆம்பிகுவஸ் வரும். சி பிளஸ் பிளஸ்ஸில் இதற்கு நெருங்கிய உறவு, பெரிய எழுத்து நல்லை அனுப்புவது. 2011 தரத்தில் வந்த நல்பிடிஆர் இருக்கும்போது அதைத் தொடவேண்டிய அவசியமில்லை.

எந்த ஓவர்லோடு ஓடுகிறது என்றே தெரியாமல் திண்டாடும்போது இரண்டு கருவிகள் கைகொடுக்கும். ஒன்று எளியது. ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியிலும் தன் டைப்பை அச்சிடும் கவுட் வரி ஒன்றைப் போடுங்கள். ஓடவிட்டால் யார் ஓடினார் என்று தெரியும். இரண்டாவது 2011 தரத்தில் வந்தது. சந்தேகப்படும் ஃபங்ஷனின் உடலை எடுத்துவிட்டு, அறிவிப்புக்குப் பின்னால் = டிலீட் என்று எழுதுங்கள். அதை அழைக்கும் ஒவ்வொரு வரியிலும் ‘யூஸ் ஆஃப் டிலீட்டட் ஃபங்ஷன்’ என்று கம்பைலரே விரல் நீட்டிக் காட்டிவிடும். பெரிய நிரலில் இதற்கு இணையான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆம்பிகுவஸ் பிழையைப் போக்க ஸ்டேட்டிக் காஸ்ட் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், எந்த டைப் வேண்டும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால். பிழை போகிறதா பார்ப்போம் என்று போடும் காஸ்ட், பிழையைத் தவறான விடையாக மாற்றிவைக்கும். அதைவிடப் பிழையே மேல்.

ஒரே வேலையை வெவ்வேறு டைப்புக்குச் செய்யும்போதுதான் ஓவர்லோடிங் பொருத்தம். வட்டத்தின் பரப்பளவுக்கு ஒரு டபுள், செவ்வகத்துக்கு இரண்டு டபுள் என்று பாடநூல் உதாரணங்கள் எழுதுகின்றன. தேர்வுக்கு அப்படியே எழுதுங்கள். சொந்த நிரலில் சர்க்கிள்ஏரியா, ரெக்டாங்கிள்ஏரியா என்று தனித்தனிப் பெயர் வையுங்கள். படிப்பவருக்கும் புரியும், கம்பைலருக்கும் தேர்ந்தெடுக்கும் வேலை இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை நிற்கிறதென்றால் தயங்காமல் உதவி கேளுங்கள். ஆனால் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கேண்டிடேட் வரிகள் படத்துக்கு வெளியே போய்விடும். பிழைச் செய்தி முழுவதையும் எழுத்தாகப் பிரதி எடுங்கள். அதோடு அழைக்கும் வரி, அந்தப் பெயரில் உள்ள எல்லா ஃபங்ஷன்களின் முதல் வரி, எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். இதைத் திரட்டும்போதே பலருக்கு விடை கிடைத்துவிடுகிறது. கிடைக்காதவர்களுக்குப் பதில் சொல்பவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.